உலோகமா, அலோகமா? வகுப்பில் செய்துகாட்ட ஒரு வழிகாட்டி: வேலூர்ப் பக்கத்துப் புதிய ஆசிரியர்களுக்கு

உலோகம் மின்சாரத்தைக் கடத்தும், அலோகம் கடத்தாது என்று பலகையில் எழுதிய கையோடு மின்சுற்றை எடுத்து மேசையில் வைக்கிறீர்கள். செம்புக் கம்பியை மாட்டினால் விளக்கு எரியவில்லை. பென்சில் குச்சியை மாட்டினால் எரிகிறது. பின்வரிசையில் சலசலப்பு கிளம்புகிறது. பாடம் சரிதான், கையில் எடுத்த பொருள்தான் காலை வாரிவிட்டது. அந்தச் செம்புக் கம்பி மோட்டார் சுற்றும் கம்பி, அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு இருக்கிறது. பென்சில் குச்சி கிராஃபைட், அலோகங்களில் மின்சாரத்தைக் கடத்தும் விதிவிலக்கு.

இந்தப் பாடத்தில் சோதனை தவறுவதில் பெரும்பகுதி இப்படித்தான் தவறுகிறது. பூச்சு, முலாம், துரு, கலப்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்று உள்ளே இருப்பதை மறைக்கிறது. அதனால் சோதனையைப் பற்றி எவ்வளவு சொல்கிறோமோ அதே அளவு பொருளைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் இங்கே சொல்லியிருக்கிறது. வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கத்தில் புதிதாக அறிவியல் எடுக்க வந்தவர்களும் மாலை வகுப்பு நடத்துபவர்களும் இதை அப்படியே பின்பற்றலாம். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பொருந்தும்.

## 1. காகித வேலையை முதலில் முடியுங்கள்

சோதனைக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே இதைத் தொடங்க வேண்டும். கடைசி நேரத்தில் அலைந்தால் அமிலமும் மெக்னீசியமும் கிடைக்காது, பாடம் பலகையோடு நின்றுவிடும்.

தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எந்த வகுப்பு, எந்தத் தேதி, எந்தெந்த வேதிப்பொருள், ஒவ்வொன்றும் எவ்வளவு, எந்த இடத்தில் செய்யப்போகிறீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். "சோதனைக்குத் தேவையான பொருட்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் திரும்பி வரும். "மெக்னீசியம் நாடா, 3 செ.மீ. துண்டுகள் 4, கந்தகம், 1 கிராமுக்குள்" என்று எழுதினால் படிப்பவருக்கு அளவு புரியும், பயமும் போகும்.

அமிலம் வாங்குவதற்குத் தனி நடைமுறை உண்டு. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, கடைக்காரர் வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு, காரணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அரசு தந்த புகைப்பட அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. ஆகவே மாணவரை அனுப்பி "அந்தக் கடையில் கொஞ்சம் ஆசிட் வாங்கிட்டு வாப்பா" என்று சொல்லவே சொல்லாதீர்கள். பள்ளியும் தன் பங்குக்கு அமிலப் பயன்பாட்டுப் பதிவேடு வைத்திருக்க வேண்டும், அதற்குப் பொறுப்பாக ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் அந்தப் பதிவேடு யாரிடம் இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும்போது பள்ளியின் கடிதத்தாளில் முத்திரையோடு ஒரு கோரிக்கைக் கடிதம், உங்கள் ஆதார் நகல், பள்ளி அடையாள அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். பில் தலைமை ஆசிரியர் பதவியின் பெயரில் இருக்கட்டும். உங்கள் பெயரில் போட்டால் பிறகு பணத்தைத் திரும்பப் பெறுவது இழுபறியாகும். வாங்கிய அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.

இன்னொன்று, இது காகிதத்தில் கேட்கப்படாவிட்டாலும் நீங்கள் செய்ய வேண்டியது: வகுப்பில் யாருக்கு ஆஸ்துமா, வீசிங் இருக்கிறது என்று முன்கூட்டியே பட்டியல் எடுங்கள். கந்தகம் எரிக்கும்போது அந்தப் பட்டியல்தான் உங்களைக் காப்பாற்றும்.

## 2. எதை எங்கே வாங்குவது, எவ்வளவு ஒதுக்குவது

பெரும்பாலான பொருள் காசில்லாமலே கிடைக்கும். மொத்தத்துக்கு 1,500 ரூபாய் ஒதுக்கினால் தாராளம். பள்ளியில் ஏற்கெனவே அமிலமும் சோதனைக் குழாயும் இருந்தால் அதில் பாதிகூடச் செலவாகாது.

செம்பு: பழைய ஒயரை உரித்தால் போதும். ஆனால் விலை மலிவான ஒயர்களில் உள்ளே அலுமினியம், மேலே செம்பு முலாம் என்று வருவதுண்டு. கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். மோட்டார் வைண்டிங் கடைக் கம்பி என்றால் இரண்டு முனையையும் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

இரும்பு: இரண்டு அங்குல ஆணி. பளபளவென்று வெள்ளையாக இருப்பது துத்தநாகம் பூசியதாக இருக்கலாம். அதை மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் போட்டால் கறுப்பாகப் படியும், மாணவர் குழம்புவார்கள். கறுத்த சாதா ஆணியை வாங்கித் தேய்த்துக்கொள்ளுங்கள்.

அலுமினியம்: பழைய பாத்திர ஓரம், தடித்த மின்கம்பித் துண்டு. பழைய இரும்புக் கடையில் "அண்ணே, பள்ளிக்கூடப் பசங்களுக்குக் காட்ட ஒரு துண்டு அலுமினியம், ஒரு துண்டு பித்தளை வேணும்" என்று கேட்டால் பத்து, இருபது ரூபாய்க்கு எடுத்துக் கொடுப்பார்கள். அதே கடையில் ஈயமும் இருக்கும். பேட்டரிக் கடை ஈயத்தை வாங்கவே வாங்காதீர்கள். அது நச்சு, அதன்மேல் பெரும்பாலும் அமிலமும் ஒட்டியிருக்கும்.

கந்தகம், மயில்துத்தம்: இரண்டும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வேலூரில் லாங் பஜார் பக்கம் போனால் ஒரே நடையில் முடியும். கந்தகம் பொடியாக வேண்டாம், கட்டியாகக் கேளுங்கள். பொடியைச் சுத்தியால் அடித்து நொறுங்குவதைக் காட்ட முடியாது. தலா 50 கிராம் ஏராளம். மயில்துத்தம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. வாங்கி வந்த பொட்டலத்தைச் சாப்பாட்டுப் பையோடு வைக்காதீர்கள்.

கரி: இஸ்திரி வண்டிக்காரரிடம் நான்கு துண்டு.

மெக்னீசியம் நாடா: பட்டியலில் விலை கூடியது இதுதான், ஆய்வகப் பொருள் கடையில் மட்டும் கிடைக்கும். பெரும்பாலும் 25 கிராம் சுருளாகத்தான் தருவார்கள். அதில் ஏறக்குறைய 25 மீட்டர் நாடா இருக்கும். ஒரு சோதனைக்கு 3 செ.மீ. போதும் என்பதால் ஒரு சுருளில் எண்ணூறு துண்டுக்கு மேல் வரும். அக்கம்பக்கத்து நான்கு பள்ளிகள் சேர்ந்து ஒரு சுருள் வாங்கிப் பங்கிட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சிவப்பு, நீல லிட்மஸ் தாள்: தலா ஒரு புத்தகம். மழைக்காலத்தில் ஈரம் ஏறிக் கெட்டுப்போகும், மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கிடைக்காவிட்டால் செம்பருத்திப் பூவை வெந்நீரில் போட்டு எடுத்த சாறு நல்ல மாற்று. அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும்.

காய்ச்சி வடித்த தண்ணீர்: இதை விட்டுவிடாதீர்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் கடினநீர், அதுவே லேசாகக் காரம் காட்டும். அந்தத் தண்ணீரில் மெக்னீசியம் சாம்பலைக் கரைத்து லிட்மஸ் நீலமாக மாறினால், மாற்றியது சாம்பலா தண்ணீரா என்று சொல்ல முடியாது. மெக்கானிக் கடையில் "பேட்டரி தண்ணீர்" என்று ஒரு லிட்டர் வாங்குங்கள். பேட்டரி ஆசிட்டும் அதே அலமாரியில், அதே மாதிரி கேனில் இருக்கும். லேபிளைப் படித்துவிட்டு, லிட்மஸ் தாளை நனைத்தும் பார்த்த பிறகே வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.

ரூபாய் நாணயத்தை மாதிரியாக எடுப்பவர்கள் நிறையப் பேர். சேதப்படுத்தாமல் காந்தத்தில் ஒட்டிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாணயத்தை உருக்குவதும் சிதைப்பதும் 2011 நாணயச் சட்டப்படி குற்றம்.

## 3. ஒரே டார்ச் பேட்டரியில் ஓர் உலோகமும் ஓர் அலோகமும்

தீர்ந்துபோன பெரிய டார்ச் பேட்டரி ஒன்று இருந்தால் துத்தநாகத்துக்கும் கிராஃபைட்டுக்கும் வேறெங்கும் போக வேண்டாம். இதை ஆசிரியர்தான் செய்ய வேண்டும், மாணவர் கையில் கொடுக்கக் கூடாது.

சாதாரண துத்தநாக–கார்பன் வகை மட்டும்தான் பிரிக்கலாம். ஆல்கலைன் என்று எழுதியிருந்தால் உள்ளே தோலை அரிக்கும் காரம் இருக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றுவதையும் செல்போன் பேட்டரியையும் தொடவே கூடாது, தீப்பிடிக்கும். பொங்கி ஒழுகியிருப்பதும் வேண்டாம்.

கையுறை போட்டு, பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். வெளிச் சட்டையின் இணைப்பில் இடுக்கியைக் கொடுத்துச் சுருட்டினால் கழன்று வரும். உள்ளே மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு குப்பி தெரியும். அதுதான் துத்தநாகம். மேலே இருக்கும் தார் போன்ற அடைப்பைக் குத்தி எடுத்தால், நடுவில் தொப்பி போட்ட கறுப்புக் குச்சி நிற்கும். அதை முறுக்கி முறுக்கி இழுங்கள், நேராக இழுத்தால் ஒடிந்துவிடும். சுற்றியிருக்கும் கறுப்புப் பசையில் மாங்கனீசு டை ஆக்சைடு இருக்கிறது. அதைச் செய்தித்தாளோடு பொதிந்து பாலிதீன் பையில் கட்டுங்கள், மண்ணில் கொட்டக் கூடாது.

குச்சியைக் கழுவிக் காயவைத்து உப்புத்தாளால் தேய்த்தால் கை கறுக்கும், லேசான மினுமினுப்பும் வரும். துத்தநாகத் தகட்டை ஒரு விரற்கடை அகலத்துக்கு வெட்டித் தேய்த்தால் நீலம் கலந்த வெள்ளைப் பளபளப்பு தெரியும். இரண்டையும் மேசையில் அருகருகே வையுங்கள். இரண்டும் மின்சாரத்தைக் கடத்தும், இரண்டிலும் மினுமினுப்பு உண்டு. அப்புறம் எதை வைத்துப் பிரிப்பது? இந்தக் கேள்வியோடு வகுப்பைத் தொடங்கினால் மீதிச் சோதனை எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

## 4. மின்சாரம் கடத்துகிறதா

9 வோல்ட் பேட்டரி ஒன்று, சிவப்பு எல்.இ.டி. ஒன்று, 470 ஓம் மின்தடை ஒன்று, முதலைக் கவ்வி போட்ட ஒயர் இரண்டு. எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடியும். மூன்றையும் வரிசையாக இணைத்து, நடுவில் பொருளை வைப்பதற்கு ஓர் இடைவெளி விடுங்கள். மின்தடையை விட்டுவிட்டு நேராக இணைத்தால் எல்.இ.டி. அந்த நொடியே கருகிவிடும். அதன் நீளக் கால் பேட்டரியின் நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும், மாற்றி வைத்தால் எரியாது. எதைச் சோதிப்பதற்கு முன்பும் இரண்டு கவ்வியையும் ஒன்றோடொன்று தொட்டு, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வீட்டு மின்சாரத்தில் இந்தச் சோதனை கிடையவே கிடையாது.

செம்பு, அலுமினியம், இரும்பு, துத்தநாகம் எல்லாவற்றிலும் விளக்கு எரியும். கந்தகத்தில் எரியாது. கரியில்தான் தடுமாற்றம் வரும். அதிக வெப்பத்தில் நன்றாக வெந்த கரி கொஞ்சம் கடத்தும், அரைகுறையாக வெந்தது கடத்தாது. வகுப்புக்கு முன் நான்கு துண்டையும் சோதித்து, எது எப்படி என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வியர்த்த விரல் இரண்டு கவ்வியையும் தொட்டால்கூட விளக்கு மங்கலாக மினுக்கும். அதைப் பார்த்துவிட்டு "கந்தகம் கடத்துது சார்" என்று யாராவது சொல்வார்கள். கவ்வியின் பிளாஸ்டிக் பகுதியைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

எல்.இ.டி. "கடத்துகிறது, கடத்தவில்லை" என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. செம்புக்கும் கிராஃபைட்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிய வேண்டுமானால் இரண்டு டார்ச் பேட்டரியும் ஒரு டார்ச் பல்பும் எடுங்கள். செம்பில் பல்பு பளிச்சென்று எரியும். இரண்டு முனையும் சீவிய பென்சிலில் மங்கும், சில பென்சிலில் எரியவே எரியாது. பென்சிலை நெடுக்காகப் பிளந்து, கவ்வியைக் குச்சிமேல் மெல்ல நகர்த்தினால் தூரம் குறையக் குறைய வெளிச்சம் கூடும். இந்தப் பாடத்தில் மாணவர் கண் அகலும் இடங்களில் இது ஒன்று, ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள்.

காரணத்தை இங்கேயே சொல்லிவிடலாம். உலோகத்தில் அணுக்களின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் ஓர் அணுவோடு கட்டுண்டு இருப்பதில்லை, ஊர்ப் பொதுச்சொத்து மாதிரி எல்லா அணுவுக்கும் சேர்ந்து அலைகின்றன. அதனால்தான் மின்சாரம் ஓடுகிறது, வெப்பம் ஓடுகிறது, பளபளப்பு வருகிறது. அடித்தால் அணு வரிசைகள் வழுக்கி நகர்ந்தாலும் பிணைப்பு அறுவதில்லை. கந்தகத்தில் எலக்ட்ரான்கள் அந்தந்தப் பிணைப்போடு நின்றுவிடுகின்றன. கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பனும் மூன்று பிணைப்பில் நிற்க, நான்காவது எலக்ட்ரான் அடுக்கு நெடுக அலைகிறது. வைரத்தில் நான்கும் கட்டுண்டவை, ஆகவே வைரம் மின்சாரத்தைக் கடத்தாது.

## 5. தட்டிப் பார்ப்பது

ஓர் இரும்புக் கட்டை, ஒரு சுத்தி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. மாதிரியைப் பழந்துணியில் சுற்றி அடியுங்கள், சில்லு தெறிக்காது. செம்பும் அலுமினியமும் தட்டையாகும். கந்தகமும் கரியும் தூளாகும்.

இங்கேயும் மூன்று பொறி உண்டு. உடைந்த வார்ப்பிரும்பு தோசைக்கல்லை எடுத்தால் அது உலோகமாக இருந்தும் விரிசல் விட்டு உடையும். தையல் ஊசி மளுக்கென்று ஒடியும். வார்த்த துத்தநாகத் துண்டும் குளிர்ந்த நிலையில் நொறுங்கும். 100 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால்தான் துத்தநாகம் நன்றாக வளைந்து கொடுக்கும். முதல் முறை எடுப்பவர்கள் மென்மையான செம்பு, அலுமினியத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தோசைக்கல்லைப் பிறகு தனியாகக் காட்டி, கார்பன் கலந்ததால் வந்த மாற்றம் என்று விளக்கலாம்.

தகடாகும் தன்மைக்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். அரியூர் பக்கம் ஸ்ரீபுரம் பொற்கோயிலைப் பார்க்காத பிள்ளைகள் இங்கே குறைவு. அங்கே மின்னுவது கட்டித் தங்கமில்லை. செதுக்கிய செம்புத் தகட்டின்மேல் அடுக்கடுக்காக ஒட்டிய மெல்லிய தங்கத் தகடு. ஒரு கிராம் தங்கத்தை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் கம்பியாக இழுக்க முடியும் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒலிக்கு, நூலில் கட்டித் தொங்கவிட்ட ஆணியையும் கரித்துண்டையும் ஸ்பூனால் தட்டினால் போதும். கையில் பிடித்துத் தட்டினால் உலோகமும் "டக்"கென்றுதான் கேட்கும்.

## 6. வெப்பம், எடை, உருகுநிலை

ஒரே தடிமனுள்ள செம்பு, அலுமினியம், இரும்புக் கம்பி தலா 15 செ.மீ. நுனியிலிருந்து 3, 6, 9 செ.மீ. தூரத்தில் மெழுகு உருண்டையால் குண்டூசியை ஒட்டி, நுனியைச் சுடரில் காட்டுங்கள். செம்பில் முதலில் விழும், அடுத்து அலுமினியம், கடைசியில் இரும்பு. மின்விசிறியை நிறுத்த வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் நண்பகலுக்கு மேல் இதை வைக்காதீர்கள், மெழுகு முன்பே இளகிப் போயிருக்கும்.

எவர்சில்வர் ஸ்பூனை இதில் சேர்க்காதீர்கள். செம்பு கடத்தும் வெப்பத்தில் இருபதில் ஒரு பங்குகூட எவர்சில்வர் கடத்தாது, "உலோகம் வெப்பத்தைக் கடத்தவில்லையே" என்ற பேச்சு வரும்.

அடர்த்திக்கு 27 கிராம் அலுமினியத்தை அளவுசாடித் தண்ணீரில் போட்டால் நீர்மட்டம் 10 மி.லி. ஏறும். அதே எடை இரும்பு மூன்றரை மி.லி.கூட ஏற்றாது. மாதிரியில் ஒட்டிய காற்றுக்குமிழைத் தட்டிவிட மறக்காதீர்கள். "உலோகம் எல்லாம் கனமானது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சோடியமும் லித்தியமும் தண்ணீரைவிட லேசு, அலோகமான அயோடினோ அலுமினியத்தைவிடக் கனம்.

உருகுநிலையைச் செய்துகாட்டத் தேவையில்லை, எண்களே பேசும். இரும்பு 1,538, செம்பு 1,085, அலுமினியம் 660, கந்தகம் 115 டிகிரி செல்சியஸ். பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே திரவம் என்பது எல்லாருக்கும் தெரியும். காலியம் என்ற உலோகம் 29.8 டிகிரியில் உருகும். வேலூர் மே மாத வெயிலில் அலமாரியில் இருக்கும் குப்பிக்குள்ளேயே அது தண்ணீராகிவிடும்.

## 7. எரித்துப் பார்ப்பது

பாடத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. எந்த ஆக்சைடு காரம், எந்த ஆக்சைடு அமிலம் என்பதில்தான் உலோகமும் அலோகமும் பிரிகின்றன; துத்தநாகத்தையும் கிராஃபைட்டையும் பிரிக்கும் சோதனை அடுத்த பகுதியில் வருகிறது. வராந்தாவிலோ மரத்தடியிலோ செய்யுங்கள். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்க வேண்டும்.

மெக்னீசியம்: நாடாவை உப்புத்தாளால் தேய்த்து, 3 செ.மீ. வெட்டி, இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டுங்கள். தேய்க்காவிட்டால் மேலே படிந்த ஆக்சைடு பற்றவிடாது. வெள்ளை வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். அதில் புற ஊதாக் கதிரும் உண்டு. நேராகப் பார்க்காமல் பக்கவாட்டுச் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியும் மெக்னீசியத்தின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ இன்னும் மூளும். மணல்தான் போட வேண்டும். வெள்ளைச் சாம்பலைப் பீங்கான் கிண்ணத்தில் பிடித்து, வெதுவெதுப்பான பேட்டரி தண்ணீர் பத்துச் சொட்டு விட்டுக் கலக்குங்கள். சாம்பல் மிகக் கொஞ்சமாகத்தான் கரையும். உடனே தாளை நனைத்துவிட்டு "மாறவில்லை" என்று கைவிடாமல் இரண்டு நிமிடம் காத்திருங்கள். சிவப்பு லிட்மஸ் நீலமாகும்.

கந்தகம்: அரிசி மணி அளவு போதும். அதற்கு மேல் ஒரு துளிகூட வேண்டாம். எரிகரண்டியில் வைத்துப் பற்றவைத்தால் மங்கிய நீலச் சுடர் தெரியும். உடனே 20 மி.லி. தண்ணீர் உள்ள வாயகன்ற பாட்டிலுக்குள் இறக்கி மூடியால் அடையுங்கள். அணைந்ததும் கரண்டியை எடுத்து மூடிக் குலுக்கினால், உள்ளே உள்ள சல்பர் டை ஆக்சைடு தண்ணீரில் கரையும். நீல லிட்மஸ் சிவக்கும். ஆஸ்துமா பட்டியலில் உள்ள பிள்ளைகளைக் காற்று வரும் பக்கம், தூரமாக நிறுத்துங்கள். காற்று எதிர்த்து அடித்தால் அன்றைக்கு இந்தச் சோதனையே வேண்டாம்.

"உலோக ஆக்சைடு காரம், அலோக ஆக்சைடு அமிலம்" என்று எழுதும்போது "பெரும்பாலும்" என்ற சொல்லைச் சேர்த்து எழுதுங்கள். அலுமினியம், துத்தநாக ஆக்சைடுகள் அமிலத்தோடும் வினைபுரியும், காரத்தோடும் வினைபுரியும். கார்பன் மோனாக்சைடு இரண்டுமில்லாமல் நடுநிலையாக நிற்கும்.

சோடியம், வெண் பாஸ்பரஸ் இரண்டையும் செய்துகாட்ட நினைக்காதீர்கள். காணொளி போதும்.

## 8. அமிலமும் மயில்துத்தமும்

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரை முதலில் எடுத்து, அதில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். தண்ணீர் சுமார் 80 மி.லி., அமிலம் 17 மி.லி., கடைசியில் 100 மி.லி.க்கு நிரப்பினால் ஏறத்தாழ 2 மோலார் கிடைக்கும். கழிவறை கழுவும் ஆசிட்டை இதற்கு எடுக்காதீர்கள். அது பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அமிலம் கிடைக்கவே இல்லையென்றால் 2 செ.மீ. மெக்னீசியத்தை 5 மி.லி. வினிகரில் போடுங்கள், நுரைத்துக் காட்டும்.

சோதனைக் குழாய்க்கு 5 மி.லி. அமிலம். துத்தநாகம் குமிழி விடும், இரும்பு மெதுவாக விடும், செம்பு சும்மா கிடக்கும், கந்தகமும் கிராஃபைட்டும் அசையாது. இப்போது பேட்டரியில் எடுத்த தகடும் குச்சியும் பிரிந்துவிட்டன.

அலுமினியத்தில் மட்டும் நிதானம் தேவை. முதல் சில நிமிடம் ஒன்றுமே நடக்காது, ஏனென்றால் மேலே உள்ள ஆக்சைடு படலம் முதலில் கரைய வேண்டும். பொறுமையில்லாமல் இன்னும் அமிலத்தை ஊற்றினால், படலம் போனதும் குபீரென்று சூடாகிப் பொங்கி வழியும். காத்திருங்கள். வரும் ஹைட்ரஜனைச் சிறிய குழாயில் பிடித்துத் தீக்குச்சி காட்டினால் "பாப்" என்று சத்தம் வரும். பாட்டிலில் சேர்த்துப் பற்றவைக்கக் கூடாது.

மயில்துத்தம் 5 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து, தேய்த்த ஆணியை நூலில் கட்டிப் பாதி மூழ்க விடுங்கள். சில நிமிடத்தில் மூழ்கிய பாதியில் செம்பு நிறம் ஏறும். நீலம் வெளிறிப் பச்சை தட்ட மறுநாள் ஆகும். வகுப்பு தொடங்கும்போதே இதை முதலில் வைத்துவிட்டால், மணி அடிக்கும்போது எடுத்துக் காட்டலாம்.

அமிலம் மேலே பட்டால் குழாயடியில் 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே 108-க்கு அழையுங்கள்.

## 9. நேரக் கணக்கு

அடுத்தடுத்த இரண்டு பாடவேளை வாங்குங்கள், 80 நிமிடம். ஒரே பாடவேளையில் திணித்தால் எரிக்கும் சோதனை அவசரத்தில் நடக்கும், விபத்து அங்கேதான் வரும். ஆணியை மூழ்கவிட 5 நிமிடம், மின்சாரம் 20, தட்டுவது 10, வெப்பம் 10, எரிப்பது 20, அமிலம் 15. அடர்த்தியை வேறொரு நாளைக்குத் தள்ளலாம். முதல் நாள் மாலை எல்லாவற்றையும் தனியாக ஒருமுறை செய்து பாருங்கள். அதற்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

மாதங்களில் ஜூலையும் ஜனவரியும் வசதி. ஐப்பசி மழையில் தீப்பெட்டி நமுத்து, லிட்மஸ் நிறம் மாறி, வராந்தாவும் நனைந்திருக்கும்.

## 10. கழிவு

தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் கிணறுகளும் பட்ட பாடு இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். வகுப்பறைக் கழிவு சிறிதுதான், அதற்காகச் சாக்கடையில் கொட்டலாம் என்று ஆகாது. மயில்துத்தக் கரைசல் மீனைக் கொல்லும். அதில் பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிச் சுருளைப் போட்டு, நீலம் முழுக்கப் போகும்வரை ஓரிரு நாள் வையுங்கள். செம்பு கீழே படிந்துவிடும். வடிகட்டிச் செம்பை எடுத்து வைத்தால் அடுத்த ஆண்டு காட்டலாம். மீந்த அமிலத்தில் சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, நுரை நின்றபின் நிறையத் தண்ணீரோடு ஊற்றுங்கள். பேட்டரிக் கறுப்புப் பசைப் பொட்டலம் பழைய பேட்டரி சேகரிக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

மெக்னீசியம் சுருளைக் காற்றுப் புகாத டப்பாவில், மாத்திரைப் புட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டுப் பூட்டி வையுங்கள். பிறகு இருப்புப் பதிவேட்டை எடுத்து, எத்தனை செ.மீ. நாடா, எத்தனை மி.லி. அமிலம் செலவானது என்று அன்றைய தேதியிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த சோதனைக்கு அனுமதி கேட்டுப் போகும்போது தலைமை ஆசிரியர் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.